கொள்ளாம் என்று ஒரு விமர்சனம்

எங்கள் இணையப் புத்தகக் குழுவில் என்னைக் கண்டு எழுத்தாளர்கள் நடுங்கினார்கள் என்று பிற்பாடுதான் கேள்விப்பட்டேன். நான் பெரிய விமர்சகி என்று அவர்களாகவே முடிவு கட்டியிருந்தார்கள். நான் எதைப் பற்றியும் ஒரு வரிக்கு மேல் எழுதியதில்லை என்பதுதான் காரணம். மற்றவர்கள் ஒரு நாவலைப் பற்றி முழம் முழமாக எழுதித் தள்ளும்போது நான் மட்டும் “முதல் பாதி போதும்” என்று போட்டுவிட்டுக் கழன்றுகொள்வேன். உடனே நாலு பேர் “என்ன கூர்மை!” என்று வாயைப் பிளப்பார்கள். கூர்மையாவது ஒன்றாவது! நான் படித்ததே முதல் பாதிதான். போதும் என்றது என் கண்ணுக்கு.

நான் மட்டாஞ்சேரிக்காரி. தாத்தா காலத்தில் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பம். அப்பாவுக்குக் கார்ப்பரேஷனில் கொசு மருந்து அடிக்கிற வேலை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், தெருவில் இரண்டையும் குழைத்த ஒன்று. ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் நாங்கள் பேசுவதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். தமிழ் எழுத்தை எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. சந்தைக்கு வெங்காயம் கொண்டுவரும் லாரிகளின் நெற்றியிலும் முதுகிலும் எழுதியிருந்ததைப் படித்துப் படித்தே வந்தது. அதனால் “முருகன் துணை”யை ஒரு நொடியில் வாசித்துவிடுவேன். அதைவிட நீளமாக எது வந்தாலும் எழுத்துக் கூட்டித்தான் ஆக வேண்டும். விரலை வரிக்கு அடியில் வைத்து, உதட்டை அசைத்து நான் ஒரு பக்கத்தை முடிப்பதற்குள் பக்கத்தில் இருக்கும் சாயா ஆறி ஆடை கட்டிவிடும்.

பின்னே எதற்குத் தமிழ்ப் புத்தகக் குழு என்று கேட்கலாம். வீம்புதான். மலையாளத்தில் நான் கடகடவென்று படிப்பேன். ஆனால் அம்மா திட்டுகிற பாஷையில் ஒரு கதை படித்துப் பார்க்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஒரு ஆசை. பஜார் ரோட்டில் நான் கிளார்க்காக இருந்த சுக்கு ஏற்றுமதி அலுவலகத்துக்கு, இரண்டாயிரத்துக்குப் பிறகு, இணையம் வந்தது. முதலாளி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியிலேயே தூங்குகிறவர். அவர் குறட்டை ஆரம்பித்ததும் நான் குழுவுக்குள் நுழைந்துவிடுவேன்.

மின்னஞ்சலில் நடந்த குழு அது. யாராவது ஒரு புத்தகத்தைப் பற்றி எழுதுவார்கள், மற்றவர்கள் அதற்குப் பதில் எழுதுவார்கள், மூன்றாவது நாள் புத்தகத்தை மறந்துவிட்டு ஒருவரை ஒருவர் கடித்துக் குதறுவார்கள். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. யாரும் யாரையும் பார்த்ததில்லை. நான் எவ்வளவு மெதுவாகப் படிக்கிறேன் என்பதும் யாருக்கும் தெரியாது. கணினிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் வரை எல்லோரும் அறிவாளிதான்.

தமிழில் அடிப்பதற்கு ஒரு மென்பொருள் தந்திருந்தார்கள். ஆங்கில எழுத்தில் அடித்தால் அதுவாகவே தமிழாக மாறும். ஒருமுறை யாரோ ஒருவர் ஒரு கவிதை போட்டார். எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் ஊரில் ஒன்று நன்றாக இருந்தால் “கொள்ளாம்” என்போம். மலையாளச் சொல். புடவை, மீன்குழம்பு, மாப்பிள்ளை, மழை விட்ட வானம், எதற்கும் அதே பாராட்டுதான். அது தமிழ் இல்லை என்றுகூட எனக்கு அப்போது தெரியாது. வீட்டில் அம்மாவே அப்படித்தான் சொல்வாள். அதைத்தான் அடித்தேன். திரையில் “கொல்லாம்” என்று விழுந்தது.

கவிஞருக்கு ஒரே சந்தோஷம். “கொல்றீங்கன்னு சொல்ல வந்திருக்காங்க, அவங்க வாயால பாராட்டு வாங்கிட்டேன்” என்று குழு முழுக்கத் தம்பட்டம் அடித்தார். ஆக, தப்பாக எழுதியபோது நான் சொன்னது சரியாகப் போய்ச் சேர்ந்தது. நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சரியாக எழுதியபோதுதான் குடி முழுகியது.

குழுவில் ஒரு தமிழ்ப் பேராசிரியர் இருந்தார். மதுரைக்காரர், ஓய்வு பெற்றவர். புத்தகம் எதுவானாலும் அவருக்கு அக்கறை இல்லை, எங்கள் மின்னஞ்சல்களில் விட்டுப்போன க், ச், த், ப்-ஐப் பொறுக்கிப் போடுவதே அவர் தொண்டு. யாராவது மனம் உடைந்து, “என் அம்மா காலமாகி விட்டார், கொஞ்ச நாள் வர மாட்டேன்” என்று எழுதினால்கூட, ஆழ்ந்த இரங்கல் தெரிவித்துவிட்டு, “காலமாகிவிட்டார் என்று சேர்த்து எழுதுக” என்பார். நாங்கள் அவரை ஐயா என்று கூப்பிடுவோம். தனியாகப் பேசும்போது வேறு மாதிரி கூப்பிடுவோம்.

நான் ஒருநாள் என்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் உற்சாகத்தில், “நான் மட்டாஞ்சேரி அரசாங்கப் பல்லியில் படித்தேன்” என்று எழுதினேன். ஐயா பாய்ந்து வந்துவிட்டார். ளகரத்துக்கு ஆங்கிலப் பெரிய எழுத்து L-ஐ அழுத்த வேண்டும் என்று ஒரு நீண்ட மடல் போட்டார். பல்லிக்கும் பள்ளிக்கும் உள்ள வேறுபாட்டை அத்தனை விரிவாக உலகில் யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு எனக்கு ளகரம் என்றாலே பயம். நாள், பள்ளம், வெள்ளி எல்லாவற்றையும் தவிர்த்துக்கொண்டு ரொம்ப நாள் எழுதினேன். என் விமர்சனங்கள் இன்னும் சுருங்கின, என் மதிப்பு இன்னும் ஏறியது.

அந்தப் பல்லி மடலைப் படித்துச் சிரித்துத்தான், குழுவில் இருந்த, பிற்பாடு நான் அக்கா என்று கூப்பிட்ட ஒருத்தி எனக்குத் தனியாக எழுதினாள். கோவில்பட்டிப் பக்கம் அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் வேலை. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். “ஏட்டி, பல்லி ஸ்கூல்ல என்ன வாத்தியார், கரப்பானா?” என்பதுதான் அவளிடமிருந்து வந்த முதல் வரி. எனக்கு அந்த ‘ஏட்டி’ ரொம்பப் பிடித்துப்போயிற்று. குழுவில் எல்லோரும் என்னை ‘அவர்கள்’ போட்டு மரியாதையால் அடித்துக்கொண்டிருந்த நேரம் அது.

அதன் பிறகு மத்தியானங்கள் எங்களுடையவை. அவளுக்கு ஆஸ்பத்திரியில் கூட்டம் வடிந்து, எனக்கு முதலாளி தூங்கியதும், அரட்டை ஆரம்பமாகும். எனக்காக அவள் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுவாள் என்று நினைத்திருந்தேன். அப்படியெல்லாம் இல்லை, அவள் எழுதுவதே அப்படித்தான். மருந்துச் சீட்டு எழுதி எழுதி வந்த பழக்கம்.

இருவரும் சேர்ந்து செய்த அட்டூழியங்களில் ஒன்றைச் சொல்கிறேன். இல்லாத ஒரு நாவலைப் பற்றி ஒரு வாரம் குழுவில் பேசினோம். நாங்களே ஒரு தலைப்பு வைத்தோம். அவள் அதைப் புகழ்ந்தாள். நான் “நடுவில் தொய்வு” என்று ஒரு வரி போட்டேன். மறுநாளே ஒருத்தர் வந்து நடுவில் தொய்வு என்பதை ஒத்துக்கொண்டார். இன்னொருத்தர் அதை மறுத்து, தொய்வுதான் அந்த நாவலின் அழகு என்றார். மூன்றாமவர், அந்த எழுத்தாளரைத் தனக்கு நேரிலேயே தெரியும், பழக இனிமையானவர் என்று எழுதினார். நான் பஜார் ரோட்டில் சுக்கு மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினேன். முதலாளி விழித்துக்கொண்டு, நெடி ஏறிவிட்டதென்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார். ஐயா மட்டும் அந்தத் தலைப்பில் ஒற்று மிகாது என்று எழுதினார்.

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவள் ஒருநாள் திடீரென்று பவ்யமாக ஒரு மடல் எழுதினாள். “நான் ஒரு நாவல் எழுதியிருக்கேன். ஆறேழு வருஷமா எழுதுனது. வீட்டுலகூட யாருக்கும் தெரியாது. நீ மட்டும் படி. நீ சரின்னு சொன்னா யாருக்காவது அனுப்புவேன். இல்லன்னா மாத்திரை எண்ணிக் குடுத்துட்டு இருந்துருவேன். முகத்துக்காகச் சொல்லாத, நீதான் யாருக்கும் முகத்துக்காகச் சொல்ல மாட்டியே.”

எனக்குப் பகீரென்றது. என் ஒரு வரிப் பித்தலாட்டத்தை அவளும் நம்பியிருந்தாள். மடலோடு வந்திருந்தது முந்நூறு பக்கம்! நான் தமிழில் அதுவரை படித்தது எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினாலும் அவ்வளவு வராது.

ஆனால் படித்தேன். அலுவலகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அச்செடுத்து, வீட்டிலும் பஸ்ஸிலும் ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் வசவுக்கு நடுவிலும் படித்தேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவரோடு ஒருவர் பேசாமல் வாழ்கிற இரண்டு நாத்தனார்களின் கதை. ஏதாவது சொல்லியாக வேண்டுமென்றால் முற்றத்துக் கோழியிடம் சொல்வார்கள். “ஏ கோழி, அரிசி தீந்துபோச்சுன்னு சில பேருக்குத் தெரியணும்” என்பாள் ஒருத்தி. “கோழிக்குத் தெரியாதா, நேத்தே சொன்னேன்னு” என்பாள் மற்றவள். நான் பஸ்ஸில் சத்தம் போட்டுச் சிரித்ததில் பக்கத்து சேச்சி எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள். சில இடங்களில் படிக்க முடியாமல் தாள் கலங்கியது. அம்மா திட்டுகிற பாஷையில் ஒரு கதை வேண்டும் என்று ஆசைப்பட்டேன் அல்லவா, அது கிடைத்துவிட்டது.

முடித்த அன்றைக்கு மழை. முதலாளியின் குறட்டைக்கும் காத்திராமல் கணினி முன் உட்கார்ந்தேன். கடைசி அத்தியாயத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் அதைத் தமிழில் அடித்து முடிக்க எனக்கு ஒரு நாள் பிடிக்கும். முதலில் நல்ல செய்தி போகட்டும், மற்றது நாளைக்கு என்று முடிவு செய்தேன். ஐயா சொல்லிக்கொடுத்தபடி பெரிய L-ஐ இரண்டு தரம் பார்த்துப் பார்த்து அழுத்தினேன். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் திரையில் வந்தது.

“அக்கா, முழுக்கப் படிச்சேன். கொள்ளாம்.”

அனுப்பிவிட்டு மிதந்துகொண்டே வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் பதில் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கடைசி அத்தியாயத்தைப் பற்றி நான் அடித்து வைத்திருந்ததை அனுப்பவில்லை. முதல் மடலுக்குப் பதில் வரட்டும் என்று காத்திருந்தேன். அந்த வாரக் கடைசியில் அவள் குழுவிலிருந்து விலகிவிட்டாள் என்று அறிவிப்பு வந்தது. நான் மடல் மேல் மடல் போட்டேன். கோபமா, உடம்பு சரியில்லையா, மாற்றலா? ஒன்றுக்கும் பதில் இல்லை. என்னை விலக்கிவிட்டாள் என்று புரிந்தபோது ரோஷம்தான் முதலில் வந்தது. நாவலை நான் படிக்கும் வரைக்கும்தான் தோழியாக்கும் என்று நினைத்தேன். அப்புறம் ரோஷம் இறங்கி அழுகை வந்தது. மத்தியானம் முதலாளி குறட்டை விடுவார், நான் ஜன்னல் வழியே சுமைவண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். குழுவில் எல்லோரும் வழக்கம்போல் குதறிக்கொண்டிருந்தார்கள், எனக்கு ஒரு வரிகூட எழுதத் தோன்றவில்லை. என் மௌனத்துக்கும் ஆழமான பொருள் இருப்பதாக ஒருத்தர் எழுதினார்.

சில மாதம் கழித்து, குழுவில் உள்ளவர்கள் நேரில் சந்திக்கலாம் என்று பேச்சு வந்தது. காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்திருந்த தமிழ்நாட்டுக்காரர்கள் இரண்டு பேர் கொச்சியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஐயாவும் மதுரையிலிருந்து ரயிலேறி வந்துவிட்டார். நேரில் பார்த்தால் ஒல்லியாக, வெட்கப்படுகிறவராக இருந்தார். அத்தனை ஒற்றுகளையும் மிகுவித்தவர் இவர்தானா என்று ஆச்சரியமாக இருந்தது. அவரும் என்னைப் பார்த்து ஏமாந்துபோனார். கண்ணாடி போட்ட, கொண்டை வைத்த, கண்டிப்பான ஒரு அம்மாளை எதிர்பார்த்திருப்பார்போல.

எர்ணாகுளத்திலிருந்து போர்ட் கொச்சிக்குப் போட்டில் கிளம்பினோம். வல்லார்பாடம் பக்கம் மண்ணைக் கொட்டி என்னவோ கட்டிக்கொண்டிருந்தார்கள். கப்பல் ஒன்று எங்களைக் கண்டுகொள்ளாமல் போயிற்று. ஐயா காற்றில் பறந்த துண்டை இறுக்கிக்கொண்டு, விரலை மடக்கி மடக்கி ஏதோ முணுமுணுத்தார். அப்புறம் எழுந்து நின்று, எஞ்சின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, அங்கேயே கட்டிய ஒரு வெண்பாவைப் பாடினார். கொச்சிக் காயலின் மேல், மிளகின் மணம் பற்றி. முழுதாகப் புரியவில்லை என்றாலும் அவர் பாடிய விதம் நன்றாக இருந்தது. ரொம்ப நாளுக்குப் பிறகு எனக்கு உற்சாகம் வந்தது. கைதட்டிக்கொண்டே கத்தினேன்.

“ஐயா, கொள்ளாம்! கொள்ளாம்!”

ஐயாவின் முகம் சுருங்கியது. “ஏன்? எங்கே தளை தட்டுகிறது?”

“தளையா? ஐயா, கொள்ளாம்னுதானே சொன்னேன்.”

“அதைத்தான் கேட்கிறேன். என் வெண்பாவை ஏன் கொள்ள மாட்டீர்கள்? குறையைச் சொல்லிவிட்டு மறுங்கள் அம்மா.”

“யாரு மறுத்தா? நல்லா இருக்குன்னு சொன்னேன்.”

ஐயா உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே பாடம் நடத்தினார். கொள்ளாம் என்பது எதிர்மறை வினைமுற்று. பழந்தமிழில் ‘ஏற்க மாட்டோம்’ என்று பொருள். அதுவும் தன்மைப் பன்மை, ‘நாங்கள் எல்லோரும் ஏற்க மாட்டோம்’. சொல்லிக்கொண்டே போனவர் சட்டென்று வாயை மூடினார். போட் கரையை நெருங்கும் வரைக்கும் விரலை மடக்கி எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

“நீங்கள் இதை வேறு யாருக்காவது எழுதினீர்களா?”

எனக்குக் காலுக்குக் கீழே போட் நழுவியது.

விஷயம் இதுதான். நாலைந்து மாதம் முன்னால் கோவில்பட்டியிலிருந்து ஒரு அம்மாள் அவருக்கு மடல் எழுதி, இந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்டிருக்கிறார். யார் சொன்னது, எதற்குச் சொன்னது என்று எதுவும் சொல்லவில்லை. இந்தக் காலத்தில் ஒரு பழஞ்சொல்லுக்குப் பொருள் கேட்கிறார்களே என்று ஐயா பூரித்துப்போய் இரண்டு பக்கத்துக்கு விளக்கம் எழுதியிருக்கிறார். பன்மை என்பதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார். டாக்டர்களின் கையெழுத்தையே படித்து மருந்து கொடுக்கிறவளுக்கு என் ஒரு சொல் புரியவில்லை. அதைப் புரியவைக்க ஐயா வேறு வந்து சேர்ந்திருக்கிறார். ஆக, என் அக்கா என்ன நினைத்திருப்பாள்? ‘நீ மட்டும் படி’ என்று அவள் தந்த நாவலை நான் குழு முழுக்கச் சுற்றுக்கு விட்டு, எல்லோருமாகக் கூடிப் பேசி, ஒரு சொல்லில் தள்ளுபடி செய்துவிட்டோம் என்று நினைத்திருப்பாள்.

போர்ட் கொச்சி ஜெட்டிக்கு வெளியே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஐயாவைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடினேன். அந்த அம்மாள் மடலில் கொடுத்திருந்த ஆஸ்பத்திரி எண்ணை ஐயா தன் டைரியில் குறித்து வைத்திருந்தார். நான் பேசினால் அவள் வைத்துவிடுவாள் என்று முதலில் அவரைப் பேசவிட்டேன். அவர் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “அம்மா, வணக்கம். முன்பு தாங்கள் வினவிய சொல், மலையாள வழக்கில் உடன்பாட்டுப் பொருள் உணர்த்துமாறு...” என்று ஆரம்பித்தார். இவர் முடிப்பதற்குள் அக்கா ரிட்டயர் ஆகிவிடுவாள் என்று ரிசீவரைப் பிடுங்கினேன்.

“அக்கா, நாந்தான். எந்தா அக்கா இந்தப் பிணக்கம்? கொள்ளாம்னா நல்லா இருக்குன்னு அர்த்தம். எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லும்.”

அந்தப் பக்கம் யாரோ இருமல் மருந்து கேட்கும் சத்தம்.

“வாத்தியாரை வச்சுச் சமாளிக்கீங்களாக்கும்?” என்றாள். ஏட்டி போய் ‘ங்க’ வந்திருந்தது. அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

“சத்தியமா அக்கா. வேற ஒருத்தரும் படிக்கல்ல. நான் மாத்ரம்தான் படிச்சேன்.”

“முந்நூறு பக்கத்துக்கு ஒரே ஒரு வார்த்தை. நல்லா இருந்தா ஒருத்தி அவ்வளவுதான் சொல்லுவாளா? அதை எடுத்துப் பரணுல போட்டாச்சு. இனி எழுதுறதா இல்ல.”

“அப்படிச் சொல்லாதீங்க அக்கா.”

இருமல்காரர் மறுபடி கேட்டார். “அந்தச் செவப்பு பாட்டில்தான், ரெண்டு வேளை” என்று அவரிடம் சொல்லிவிட்டு என்னிடம் வந்தாள்.

“போன்ல நீ என்ன வேணா சொல்லலாம். நான் அங்க வாரேன். எம் முன்னால உக்காந்து படி. உம் மூஞ்சியப் பாத்தா எனக்குத் தெரிஞ்சிரும். பொய்யின்னு தெரிஞ்சுதுன்னா அத்தோட சரி, நாவலும் சரி, நீயும் சரி.”

அவள் சொன்னபடி செய்கிறவள். இரண்டு வாரத்தில் வந்து இறங்கினாள். பருமனாக, நெற்றி நிறையக் குங்குமத்தோடு, கையில் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்த நாவலோடு எங்கள் வீட்டு வாசலில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நீதானா அது? இத்தனூண்டு இருக்க!” என்றாள். சிரிக்கவில்லை. அம்மா கப்பைக்கிழங்கும் மீன்கறியும் வைத்தாள். சாப்பிட்டாள், கை கழுவினாள், கட்டைப் பிரித்தாள், முதல் பக்கத்தை என் மடியில் வைத்தாள்.

“ம். வாய்விட்டுப் படி.”

இத்தனை வருஷம் குழுவில் யாருக்கும் காட்டாததைக் காட்டப்போகிறேன். வேறு வழி இல்லை. விரலை வரிக்கு அடியில் வைத்தேன். எழுத்துக் கூட்டினேன். ‘முற்றம்’ எனக்கு முத்தம் ஆயிற்று. ‘அறைக்குள்’ போய் ‘அரைக்குள்’ வந்தது. ஒரு நீளச் சொல்லில் நடுவழியில் நின்றுபோய், திரும்ப ஆரம்பத்துக்கு வந்து, மறுபடி ஏறினேன். நான் பஸ்ஸில் சிரித்த அந்தக் கோழி வந்தது. பயத்தை மறந்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே நிமிர்ந்தபோது அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி,” என்றாள் மெதுவாக. “நீ முழுசையும் இப்படித்தான் படிச்சியா?”

“பின்னே எப்படிப் படிக்கும்?”

“முந்நூறு பக்கத்தையும்?”

“ஓ” என்று தலையாட்டினேன்.

அவள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு கட்டைப் பிடுங்கிக்கொண்டு, “இந்த வேகத்துல போனா நான் பென்ஷன் வாங்கிருவேன், குடு இங்க” என்று அவளே படிக்க ஆரம்பித்தாள்.

அன்றைக்கு முழுக்கவும் மறுநாள் பாதியும் படித்தாள். அம்மா வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். அப்பா மருந்து பம்பைத் தோளிலிருந்து இறக்காமலே நின்று ஒரு அத்தியாயம் கேட்டார். நாங்கள் சிரித்த இடத்தில் அக்காவும் சிரித்தாள், தன் எழுத்துக்கே சிரிக்கிறோமே என்ற வெட்கம் இல்லாமல். ஆனாலும் அவ்வப்போது ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பாள். சந்தேகம் முழுக்கப் போகவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அன்பானவள், கஷ்டப்பட்டுப் படித்தாள், அதனால் பாராட்டுகிறாள் என்று நினைத்துவிட்டால்? அதுவும் ஒருவகையில் முகத்துக்காகச் சொல்வதுதானே.

கடைசி அத்தியாயம் வந்தது. கோழி செத்துப்போகிறது. அதற்கப்புறம் நாத்தனார்கள் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு, பழசையெல்லாம் சொல்லிச் சொல்லி அழுகிறார்கள். அக்கா குரல் தழுதழுக்கப் படித்து முடித்தாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“என்னட்டி, மூஞ்சி எங்கயோ போவுது?”

அன்றைக்கு அனுப்பாமல் விட்டதைச் சொல்ல வேண்டும். சொன்னால் இவளை மறுபடி இழந்துவிடுவேன். கப்பை தின்ற வீட்டிலேயே சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிப்போவாள். போனால் போகட்டும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனாலும் வாய் திறந்தேன்.

“அக்கா, இது கொள்ளூல்ல.”

“அப்படின்னா?”

“நல்லா இல்ல. கடைசிப் பத்துப் பக்கம் சினிமா மாதிரி இருக்கு. இத்தனை வருஷம் பேசாதவங்க ஒரே நாள்ல இத்தனை பேசுவாங்களா? கோழி செத்ததோட நிறுத்தியிருக்கணும். இனிமே யாருகிட்டச் சொல்லுவாங்கன்னு ரெண்டு பேரும் நிக்கிறாங்களே, அங்க.”

அம்மா என்னை முறைத்தாள். வந்த விருந்தாளியிடம் பேசுகிற பேச்சா என்று. அக்கா அசையவில்லை. மீன்காரியிடம் போய் நிற்கிறோம், ‘இன்னைக்கு வேண்டாம், இது நேத்து வந்தது’ என்று அவளே சொன்னால் ஒரு நிமிஷம் அவளை எப்படிப் பார்ப்போமோ, அப்படி என்னைப் பார்த்தாள்.

பிறகு கடைசிப் பத்துப் பக்கத்தையும் கட்டிலிருந்து உருவினாள். இரண்டாக மடித்தாள். அம்மாவிடம் கொடுத்து, “அடுப்புக்கு ஆவும்” என்றாள்.

“அப்போ,” என்று என் பக்கம் திரும்பினாள். குரல் சின்னப் பிள்ளை குரலாகிவிட்டிருந்தது. “மிச்சம் எல்லாம் நெசமாவே நல்லாருக்கு, இல்லட்டி?”

“அதைத்தானே அக்கா அன்னைக்கே எழுதினேன்.”

அவ்வளவுதான், நாவலை மார்போடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள். அம்மா பதறிப்போய் அந்தப் பத்துப் பக்கத்தையும் திருப்பிக் கொடுக்கப் பார்த்தாள். அக்கா அழுதுகொண்டே வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினாள்.